வசந்தத்தில் மூன்று நாள் லீவு

குளிர் விட்டு மரங்கள் துளிர்க்க ஆரம்பித்ததும் அந்தப் பேருந்து நிலையத்துக்குப் பித்துப் பிடித்துவிடும். முதலில் மலைக்காரர்களின் புத்தாண்டு. அந்தக் கூட்டம் ஏறி முடிவதற்குள் கடலோரத்து ஜனங்களின் நோன்பு முடிந்து திருநாள் வந்துவிடும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே சமவெளிக்காரர்களின் அறுவடை விழா. ஆளுக்கொரு சாமி, ஆளுக்கொரு காலண்டர். ஏறுவது மட்டும் ஒரே பஸ்.

இத்தனை பேரையும் ஊருக்கு அனுப்பிவைத்த குரல் ஒரு பெண்ணுடையது. மாடியில் கண்ணாடி போட்ட சின்ன அறையில் உட்கார்ந்து எந்தப் பேருந்து எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை எங்கே கிடக்கிறது என்று மூன்று மொழிகளில் சொல்வது அவள் வேலை. நிலையத்தில் எல்லோரும் அவளை மைக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவள். பண்டிகை நாளில் யாருக்கு லீவு வேண்டுமென்றாலும் நேராக அவளிடம் வந்து நிற்பார்கள்.

"மைக்கம்மா, நாளைக்கு என் டியூட்டியைக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா? வீட்டுல எல்லாரும் வந்திருக்காங்க."

"போயிட்டு வா."

ஏன் என்று அவள் கேட்டதில்லை. உங்களுக்குப் பண்டிகை இல்லையா என்று அவர்களும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "எனக்கு ரெண்டு இருக்கு, அதான் தொல்லை" என்று சொல்லியிருப்பாள். அது அவள் கணவர் சொல்லும் ஜோக்.

அவள் சமவெளிக்காரி. அவர் மலைக்காரர், மலைப் பாதையில் பஸ் ஓட்டியவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அவள் மலையூருக்குப் போகும் வண்டியை அறிவித்துவிட்டு நிமிர்ந்தபோது, காக்கிச் சட்டையோடு ஒருவர் கதவருகே நின்றிருந்தார்.

"அது எங்க ஊரு பேருங்க. நீங்க சொல்றது யாரையோ திட்டுற மாதிரி இருக்கு."

அந்தப் பேரின் நடுவில் ஓர் எழுத்து. அது தொண்டையில் முரட்டுத்தனமாக உரசக் கூடாது, மெத்தென்று நாக்கு நுனியில் விழ வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். மறுநாளும் வந்து சரிபார்த்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ஓர் எழுத்துக்கு இத்தனை நாள் பாடமா என்று விசாரணை ஜன்னலில் இருந்தவர் கேலி பண்ணினார். அந்த வருஷம் முடிவதற்குள் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள். சாமி வேறு, பாஷை வேறு, சாப்பாடு வேறு. சேர்த்துவைக்க யாரும் முன்வரவில்லை. பிள்ளையும் இல்லை, பிள்ளையை முன்னிட்டு மனசு இளகுவதற்கு.

அவர் இருந்தவரை அது பெரிய குறையாகத் தெரியவில்லை. பண்டிகை நாளில் இருவருமே டியூட்டி போட்டுக்கொள்வார்கள். அவர் கடைசி வண்டியை விட்டுவிட்டு வந்ததும் பணிமனைக்குப் பின்னால் இருந்த வீட்டில், அவர் வீட்டுப் பண்டிகையென்றால் அவள் ஊர்ச் சமையல், அவள் வீட்டுப் பண்டிகையென்றால் அவர் ஊர்ச் சமையல். "யாரும் நம்ம மேல தப்பு சொல்ல முடியாது பாரு, ரெண்டையும் சமமா கெடுத்துட்டோம்" என்பார். சில வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலக் காலையில் அவர் போய்ச் சேர்ந்தார். அவரோடு அந்த இரண்டு பண்டிகையும் போயின.

இந்த வசந்தத்தில் நிலைய மேலாளர் அவளைக் கூப்பிட்டார்.

"நீங்க லீவே எடுக்கிறதில்லையாமே. மேலிடத்துல என்னைக் கேள்வி கேக்குறாங்க. மூணு நாள் எடுத்துக்குங்க."

"இப்பவா சார்? மலைக்காரங்க கூட்டம் ஆரம்பிக்குது."

"அதுக்குத்தான் புதுசா பொண்ணு போட்டிருக்கோமே. தனியா பழகட்டும். நீங்க பக்கத்துல இருந்தா அது வாயே திறக்காது."

"நான் வேணா ஓரமா உக்காந்துக்கிறேன்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "அம்மா, ஊர்ல எல்லாரும் என்கிட்ட லீவு கேட்டு அழுவாங்க. நீங்க லீவு வேணாம்னு அழுறீங்க. போங்க, நல்லா தூங்குங்க, சொந்தக்காரங்களைப் போய்ப் பாருங்க."

சொந்தக்காரங்களை. அன்று சாயங்காலமே தங்கைக்குப் போன் பண்ணினாள். பிறந்த வீட்டில் அவளோடு ஒட்டியும் ஒட்டாமலும் பேச்சு வைத்திருந்தது தங்கை மட்டும்தான்.

"மூணு நாள் லீவுடி. அந்தப் பக்கம் வரலாமான்னு..."

"வாயேன்க்கா" என்றாள் தங்கை. பிறகு குரல் இறங்கியது. "வீட்டுக்கு வெள்ளை அடிச்சிட்டிருக்கோம். அறுப்புக்காக அண்ணன் இப்பவே வந்து தங்கியிருக்காரு. அதான்..."

"சும்மாதான் கேட்டேன். பிள்ளைங்க நல்லா இருக்காங்களா?"

பிள்ளைகள் நல்லா இருந்தார்கள். மாடு கன்று போட்டிருந்தது. பேசுவதற்கு வேறொன்றும் அகப்படவில்லை.

லீவின் முதல் நாள் வீட்டை ஒட்டடை அடித்தாள். அலமாரியில் இருந்ததையெல்லாம் இறக்கி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். ஜன்னல் வழியாக நிலையத்தின் ஒலிபெருக்கி கேட்டது. புதுப் பெண் திணறிக்கொண்டிருந்தாள். அவள் தடுமாறிய இடத்திலெல்லாம் இவள் கையில் துணியோடு நின்று உதட்டை அசைத்தாள். மதியம் ஒருவருக்குச் சமைத்தது இரண்டு வேளைக்கு மிஞ்சியது. வெளியே பெட்டியும் பூவும் புதுத்துணிப் பையுமாக மலைக்காரர்கள் சாரைசாரையாகப் போனார்கள். யாரோ ஒரு குழந்தை கை நழுவிய பந்துக்காக அழுதது. தன் குரல் இல்லாமலே எல்லோரும் ஊருக்குப் போய்விடுகிறார்கள் என்று பார்த்தபோது அவளுக்கு என்னமோ போல் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டு, பீரோவில் இருந்த நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. கால் போய் மலையூர் மேடையில் நின்றது.

"மைக்கம்மா, நீங்களா?" என்றார் ஓட்டுநர். "இந்த வண்டிய அனுப்பித்தான் பழக்கம், ஏறிப் பாத்ததில்லையே."

"ஒரு வேலையா போறேன்."

அது பொய்யில்லை, உண்மையுமில்லை. கணவர் பிறந்த ஊரை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுவது என்பதுதான் அவள் எண்ணம். அவர் வருஷக்கணக்காக அந்தப் பாதையில் வண்டி ஓட்டியும் ஊருக்குள் கால் வைக்கவில்லை. நிறுத்தத்தில் ஆளை இறக்கிவிட்டு, இருக்கையை விட்டு எழாமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்.

மலையூரில் இறங்கியபோது தெருவெங்கும் ஜனம். எல்லா வாசலிலும் பச்சைக் கொப்பும் பூவும் தொங்கின. அவர் சொல்லிச் சொல்லி அந்த வீட்டுக்கு வழி அவளுக்கு மனப்பாடம். கடைத்தெரு முடிவில் இறக்கம், இறக்கத்தில் கல் படிக்கட்டு, படிக்கட்டு திரும்பும் இடத்தில் நீல நிறக் கதவு. கதவு இப்போது பச்சையாக இருந்தது. எதிர்ச்சுவர் ஓரமாக நின்று பார்த்தாள். உள்ளே பாத்திரச் சத்தம், சிரிப்பு, யாரோ யாரையோ அதட்டும் சத்தம். அவ்வளவுதான், பார்த்தாயிற்று என்று திரும்பப் போனாள்.

"ஏங்க, சும்மா நிக்கிறீங்களே, இதை ஒரு பக்கம் பிடிங்களேன்."

அண்டா ஒன்றை இடுப்பில் அணைத்தபடி ஒரு பெண்மணி கீழ்ப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அறுபது வயதிருக்கும். அண்டாவில் ஆவி பறந்தது. மைக்கம்மா ஒரு பக்கத்துப் பிடியைப் பிடித்தாள். இருவருமாகத் தூக்கிக்கொண்டு பச்சைக் கதவுக்குள் நுழைந்தார்கள்.

"வாங்க வாங்க, உக்காருங்க. நீங்க பெரிய மருமக வீட்டுப் பக்கமா?"

பதில் சொல்வதற்குள் அந்தப் பெண்மணி அடுக்களைக்குள் போய்விட்டாள். அவள்தான் கணவருடைய அண்ணன் மனைவி என்பது கொஞ்ச நேரத்தில் புரிந்தது. கூடம் நிறைய விருந்தாளிகள். ஒவ்வொருவரும் அவளை மற்றவரோடு வந்தவள் என்று நினைத்துக்கொண்டார்கள். நகர்ந்து இடம் விட்டார்கள், கையில் தட்டைக் கொடுத்தார்கள். தட்டில் இருந்ததை அவள் வாயில் வைத்துப் பார்த்தாள். அவருக்காக அவள் இத்தனை வருஷம் சமைத்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு வார்த்தை சொன்னாரா மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வழுக்கைத் தலைக்காரர் ஒருவர், உறவு விட்டுப்போகக் கூடாது என்கிற அக்கறையோடு கேட்டார். "நீங்க யாரு வீட்டு வழி?"

"நான் உறவு இல்லைங்க" என்று அவர்கள் மொழியிலேயே சொன்னாள். "ஊர் பாக்க வந்தேன். அந்த அம்மாவுக்குப் பாத்திரம் பிடிச்சேன், உள்ள உக்கார வெச்சிட்டாங்க."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. பாத்திரம் பிடித்த கதைக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று அவளும் சிரித்தாள். எதிரே இருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தப்பா நினைக்காதீங்க அத்தை. எங்க பாஷை இவ்வளவு நல்லா பேசுறீங்க. ஆனா அந்த ஒரு எழுத்து மட்டும் பால் பல்லு விழுந்த குழந்தை சொல்ற மாதிரி சொல்றீங்க."

"எந்த எழுத்து?"

"எங்க ஊரு பேரைச் சொல்லுங்க."

சொன்னாள். மெத்தென்று, நாக்கு நுனியில்.

"அதான்" என்று கைதட்டினாள் அந்தப் பெண். "அது தொண்டையில உரசணும். நகரத்துப் பஸ் ஸ்டாண்டுல மைக்ல ஒருத்தங்க இப்படித்தான் சொல்லுவாங்க. நாங்க ஹாஸ்டல்ல அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்."

"அது நான்தான்" என்றாள் அவள்.

அதற்கு மேல் கூடம் கொள்ளாத சிரிப்பு. ஆளாளுக்கு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் தன் பை தொலைந்தபோது அறிவித்தது நினைவிருக்கிறதா என்று கேட்டார். அவள் சிரித்தபடியே இருந்தாள். உள்ளே வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. கதவருகே காக்கிச் சட்டையோடு நின்று, அவள் சரியாகச் சொன்னதைத் தப்பென்று சொல்லி, தனக்கு வராத எழுத்தை அவளுக்கும் வராமல் பண்ணிவிட்டுப் போயிருக்கிறார். தெரிந்தே செய்தாரா? பேச்சுக் கொடுக்க வேறு சாக்கு கிடைக்காமல் செய்தாரா? இல்லை, தனக்கு அது வராது என்பதே அவருக்குக் கடைசிவரை தெரியாதா? வீட்டுக்குப் போனதும் கேட்க வேண்டும் என்று ஒரு கணம் நினைத்தேவிட்டாள். நினைத்த பிறகுதான் தட்டு கையில் கனத்தது.

அப்போதுதான் அந்தப் பெரியவரைக் கவனித்தாள். பரிமாறிக்கொண்டு வந்தவர், கரண்டியும் கையுமாகக் கூடத்து நடுவில் நின்றுவிட்டிருந்தார். நெற்றியும் புருவமும் அப்படியே கணவருடையவை. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க கத்துக்கிட்டீங்க எங்க பாஷைய?" என்று கேட்டார்.

"ஒருத்தர்கிட்ட."

பெரியவர் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அவள் கை கழுவிவிட்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. "பஸ் நிக்கிற இடம் வரைக்கும் வரேன்" என்றார் பெரியவர். ஏற்றம் ஏறி, கடைத்தெருச் சந்தடி குறையும் வரை கூடவே நடந்தார். அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் பயனில்லை என்று நடந்தாள்.

"சின்னவனுக்கு அந்த எழுத்து வராது" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "பள்ளிக்கூடத்துல அதுக்கே அடி வாங்குவான். நான்தான் பக்கத்துல உக்கார வெச்சு சொல்லித் தருவேன். உலகத்துல வேற யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல. உங்க வாயில கேட்டதும் எனக்கு..."

அவர் அதை முடிக்கவில்லை.

"செய்தி வந்துச்சு" என்றார் பிறகு. "செருப்ப மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தேன். என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறதுன்னு திரும்பி உள்ள போயிட்டேன்."

"ம்."

"கஷ்டப்பட்டானா?"

"இல்லைங்க. காலையில டீ கேட்டாரு. போட்டு எடுத்துட்டு வரதுக்குள்ள போயிட்டாரு."

"எங்களப் பத்திப் பேசுவானா?"

"பண்டிகைக்குப் பண்டிகை பேசுவாரு. உக்காந்து திட்டுவாரு."

பெரியவர் முகத்தில் ஏதோ அசைந்தது. "திட்டுவான்" என்றார். "நல்லாவே திட்டுவான்."

நிறுத்தத்தில் ஒரு வண்டி திரும்பி நின்றது. மேலே வந்த வண்டிகள் பிதுங்கி வழிந்தன. கீழே போகிற இதில் ஒரு தலையும் இல்லை.

"இன்னிக்கு வீடு நிறைய ஆளு" என்றார் பெரியவர். "இப்ப போய் இதைச் சொன்னா..."

"சொல்ல வேணாங்க. நான் அதுக்கு வரல."

"பின்ன எதுக்கு வந்தீங்க?" அவர் கேட்டதில் கோபமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவள் யோசித்தாள். "லீவு குடுத்துட்டாங்க" என்றாள்.

அவர் ஓட்டுநர் பக்கம் போய், அம்மாவைப் பத்திரமாகக் கொண்டுபோய் விடுங்கள் என்றார். இருங்கள் என்றோ, மறுபடி வாருங்கள் என்றோ சொல்லவில்லை. வண்டி முதல் வளைவில் திரும்பும்போது அவள் எட்டிப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார். தோள் சாய்ந்த நடை. அதுவும் தெரிந்த நடைதான். காலி வண்டி குலுங்கிக் குலுங்கி இறங்கியது. ஓட்டுநர் பேச்சுக்கு ஆள் கிடைத்ததென்று எதையோ சொல்லிக்கொண்டே வந்தார். அவள் தலையாட்டிக்கொண்டே கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த அவள் முகம் அவருக்குக் கண்ணாடியில் தெரிந்திருக்காது, ஒன்றும் கேட்கவில்லை.

லீவின் மூன்றாம் நாள் படுத்தே கிடந்தாள்.

அதற்குப் பிறகு நோன்புத் திருநாள் கூட்டம் வந்தது. பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் மூட்டையோடு வரிசையில் நின்றவர்களை அவள் அலுங்காமல் குலுங்காமல் கடலோரத்துக்கு அனுப்பிவைத்தாள். பிறகு அவளுடைய சொந்த ஜனங்களின் அறுவடை விழா. சமவெளிக்குப் போகும் வண்டிகளில் மூட்டை முடிச்சுகளைக் கூரைமேல் ஏற்றினார்கள். புதுப் பெண் லீவு கேட்டாள். போயிட்டு வா என்றாள். மலையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டாள். ஆனால் விசாரணை ஜன்னலில் தொலைபேசி அடித்தபோதெல்லாம் காது அங்கே போனது.

விழாக் கூட்டமெல்லாம் ஓய்ந்து, மேடைகளில் உதிர்ந்த பூவைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், விசாரணைக்காரர் மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். "மைக்கம்மா, மலையூர்லேர்ந்து யாரோ ஒரு அம்மா. உங்க பேரு தெரியல அவங்களுக்கு. மைக்ல பேசுறவங்கன்னு கேக்குறாங்க."

ஒலிவாங்கியை அணைத்துவிட்டு இறங்கி வந்து எடுத்தாள்.

"நான்தான், அன்னிக்கு அண்டா தூக்கினவ" என்றது மறுமுனை. மூச்சு வாங்கியது, அன்று படியில் வாங்கியது போலவே. "வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. விருந்தாளிங்க எல்லாம் போன பிறகு, அடுப்படியில வந்து உக்காந்து சொன்னாரு. அன்னிலேர்ந்து போன் பண்ணணும்னு... என்ன பேசுறதுன்னு தெரியாம தள்ளிப்போட்டேன்."

"பரவாயில்லைங்க."

"அன்னிக்கு நீங்க சரியாவே சாப்பிடல."

"சாப்பிட்டேனே."

"நான் பாத்தேன். தட்டுல பாதி அப்படியே இருந்துச்சு."

கம்பியில் காற்று இரைந்தது. யாரோ பக்கத்தில் நின்று அவளை ஏதோ கேட்கச் சொல்லித் தூண்டுவது போல் முணுமுணுப்பு கேட்டது.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் அந்தப் பெண்மணி. "சின்னவரு போனது என்னிக்கு? எங்க யாருக்குமே நாள் சரியாத் தெரியல. மழைக்காலம்னு மட்டும் தெரியும்."

மைக்கம்மா நாளைச் சொன்னாள். மறுமுனையில் அவள் அதை உரக்கத் திருப்பிச் சொன்னாள், அறையில் இருக்கும் யாருக்கோ.

"அன்னிக்கு இங்க எல்லாரும் சேர்ந்து உக்காந்து சாப்பிடலாம்னு இருக்கோம். வெளி ஆளுங்க இல்ல, வீட்டு ஆளுங்க மட்டும். மழை பெஞ்சா பாதை மோசமாத்தான் இருக்கும். நீங்க வருவீங்களா?"

அந்தத் தேதியில் யாருடைய காலண்டரிலும் எந்த விசேஷமும் கிடையாது. வண்டிகள் பாதிக் காலியாக ஓடும் மாதம் அது.

"வரேன் அக்கா" என்றாள். அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் கவனித்தாள். மறுமுனையில் அதற்கு மறுப்பொன்றும் வரவில்லை.

"சரிம்மா. வெச்சிடட்டுமா? காசு ஓடுது."

"வெச்சிடுங்க அக்கா."

மாடிக்குத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்குக் கீழே ஒரு குடும்பம் எந்த மேடை என்று தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்று முணுமுணுத்தது யார், பெரியவர்தானா என்று கேட்காமல் விட்டுவிட்டோமே என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. திரும்பக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று யோசித்தாள். எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.